காலிக் கட்டங்கள்

செக்காலை ரோட்டில் டயர்க் கடைக்கு மேல்
எங்கள் ஆபீஸ்.
வல்கனைசிங் வாடையில் உட்கார்ந்து
பதினோராயிரம் பேரின் கடன் வரலாற்றைக்
கழுவிக்கொண்டிருக்கிறேன்.
தரவு சுத்தம் செய்கிறேன் என்றதற்கு
வாடகைக்கு வீடு கொடுத்தவர்
"எந்த மில்லில்?" என்றார்.
தவறில்லை.
கல்லும் குருணையும் பொறுக்குவதுதான்.

முதல் வாரம் கண்டது:
நாலாயிரம் பேர் ஜனவரி ஒன்றில் பிறந்திருந்தார்கள்.
நாள் தெரியாதவர்களுக்கெல்லாம்
ஏதோ ஒரு கவுண்டரில் ஏதோ ஒரு விரல்
புத்தாண்டைத் தானம் செய்திருக்கிறது.

பிறகு சிதம்பரங்கள்.
பாட்டன் பெயர் பேரனுக்கு வரும் ஊர் இது.
ஒரே கோயில், ஒரே தெரு,
பெயருக்கு முன்னால் கூட்ஸ் வண்டியாய்
ராம. அழ. சித. என்று முதலெழுத்துகள்.
எந்திரம் அவற்றைக் கழற்றிவிட்டுக்
கடைசிப் பெட்டியை மட்டும் வைத்துக்கொண்டது.
ஆறு சிதம்பரங்களின் கடனும்
ஒருவர் தலையில் ஏறி நின்றது.
அவர் வாங்கியது ஒரு கிரைண்டர்.

புதுவயல் சபூரா பீவிக்கு நேர்ந்தது வேறு.
ரேஷன் அட்டையில் சபுரா, வங்கியில் ஷபூரா,
செல்போன் கம்பெனியில் சபீரா.
தவிட்டு மூட்டை வாங்கி விற்கிறவர்,
ஒன்பது வருஷம் ஒரு தவணை தப்பாதவர்,
மூன்று பேராய்ப் பிரிந்ததில்
மூவருக்குமே வரலாறு போதவில்லை.
திங்கட்கிழமை மட்டும் பணம் புரள்கிறதென்று
சந்தேகப் பட்டியலில் வேறு.
அன்றைக்குச் சந்தை என்று
மாடலுக்கு யாரும் சொல்லவில்லை.

வீடியோ கூட்டத்தில் சென்னை சொன்னது:
துல்லியம் தொண்ணூற்று நான்கு.
வயிரவன் கைதட்டினான்.
நான் கேட்டேன், யாரை வைத்து அளந்தோம்?
கடன் கொடுத்தவர்களை வைத்து.
நாம் மறுத்தவர்கள்
கொடுத்திருந்தால் கட்டியிருப்பார்களா?
அந்தக் கட்டம் காலி.
மென்பொருளுக்குக் காலி பிடிக்காது,
சராசரியை ஊற்றி நிரப்பிவிடும்.

என் அப்பா மின்வாரியத்தில் மீட்டர் அளவெடுத்தவர்.
பூட்டிய வீடுகள் நிறைய இந்தப் பக்கம்,
நூறு ஜன்னல், ஒரு பூட்டு.
போன தடவை எண்ணையே எழுதிவிட்டுச்
சைக்கிளை நகர்த்துவார்.
அதற்கு ஆய்வுக் கட்டுரைகளில்
நீளமாய் ஒரு பெயர் இருக்கிறது.
படித்துக் காட்டினேன்.
"வேறென்ன செய்ய, சுவரேறியா குதிக்க?" என்றார்.

சுவரேறிக் குதிக்கலாம் என்று எழுதி அனுப்பினேன்,
வேறு வார்த்தைகளில்.
மறுக்கப்பட்டவர்களில் நூற்றுக்கு மூன்று பேரைக்
குலுக்கல் போட்டு எடுத்துக்
கொடுத்துப் பார்ப்போம்.
"நஷ்டம் வந்தா யார் கணக்கு?"
தெரிந்துகொள்வதன் விலை என்றேன்.
ஒன்றரை மாதம் பதிலில்லை.
பிறகு மூன்றை ஒன்றாக்கி அனுமதி வந்தது.

குலுக்கலில் சபூரா பீவி விழவில்லை.
சபுராவும் இல்லை, சபீராவும் இல்லை.
ஷபூரா விழுந்தார்.
மூவரையும் நான் ஒட்டி முடிக்குமுன்பே
பணம் போய்ச் சேர்ந்திருந்தது.
இது சரியான ஆய்வா என்று
இப்போதும் எனக்குச் சொல்லத் தெரியாது.

முதல் தவணை வந்தது. இரண்டாவதும்.
மூன்றாவது, திங்கள் வரவேண்டியது,
செவ்வாய் காலை ஒன்பதே காலுக்கு வந்தது.
திரையில் சிவப்பு: ஒரு நாள் தாமதம்.
அந்தத் திங்களில் ஐப்பசி கொட்டித் தீர்த்து
சந்தையில் தக்காளி மிதந்ததை
நான் முழங்கால் நனைய நின்று பார்த்தேன்.
அட்டவணையில் அதற்குப் பத்தி இல்லை.
குறிப்புக் கட்டம் ஒன்று உண்டு,
ஆங்கில எழுத்து மட்டும்தான் இறங்கும்.
மழை என்று அடித்தேன்.

சென்னையில் அதை மலை என்று படித்திருக்கிறார்கள்.
"காரைக்குடி சந்தைக்குள் ஏது மலை?
முகவரியைச் சரிபார்க்கவும்"
என்று மடல் வந்திருக்கிறது.
இன்னும் பதில் போடவில்லை.